"பிள்ளை பிழையாக விளங்கியிருந்தால் என்ன செய்வீர்கள்?" ஆசிரியர் நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆசிரியர் நேர்முகப் பரீட்சைக்குப் போகும் தம்பி தங்கச்சிமார் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனில் என்னிடம் வந்து பேசிப் பழகுவார்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை என்று பல பக்கமிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். சான்றிதழ்க் கோவை, உடுப்பு, வணக்கம் எல்லாம் சரியாக இருக்கும். "ஒரு மாணவர் பாடத்தைப் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார், என்ன செய்வீர்கள்?" என்று கேட்டவுடன் மட்டும் எல்லாரும் தடுமாறுகிறார்கள். அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

"பிழையான எண்ணக்கரு என்றால் என்ன டீச்சர்? பிள்ளை பிழையான விடை சொல்றதுதானே?"

எல்லாப் பிழை விடையும் அதில் சேராது. 7 × 8 = 54 என்று எழுதிய பிள்ளையிடம் "இன்னொரு தரம் பார்" என்றால் தானே 56 என்று திருத்திவிடும். அது கவனப் பிழை. ஒளித்தொகுப்பு என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளை பேசாமல் நிற்கும். அது தெரியாமை. மூன்றாவது வகைதான் நேர்முகத்தில் கேட்கப்படுவது. பிள்ளையிடம் ஒரு விளக்கம் இருக்கிறது, அதை நம்புகிறது, அந்த நம்பிக்கையில் ஒரே மாதிரிக் கணக்கை எல்லாம் ஒரே மாதிரிப் பிழையாகச் செய்கிறது.

ஓர் உதாரணம். தரம் 6 வகுப்பில், "ஒரு அம்மா 18.5 கிலோ கொழுந்து பறித்தார், இன்னொரு அம்மா 18.45 கிலோ பறித்தார், யாருக்குக் கூட?" என்று கேட்டேன். "18.45தான் மிஸ்" என்றான் ஒருவன். ஏன் என்றதும், "நாற்பத்தைந்து ஐந்தை விடப் பெரிசுதானே" என்றான். 3.12, 3.7 என்று கேட்டுப் பார்த்தேன், அங்கேயும் 3.12 என்றான். முழு எண்ணில் சரியாகக் கற்ற ஒன்றைத் தசமத்துக்கு இழுத்து வந்திருக்கிறான். அவன் யோசித்திருக்கிறான் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

"நேர்முகக் குழுவில் இதை எப்படியெல்லாம் கேட்பாங்க?"

"பிழையான எண்ணக்கரு" என்ற சொல்லையே பாவித்துக் கேட்பவர்கள் குறைவு. "பாடம் முடிந்தது, பாதிப் பேருக்கு விளங்கவில்லை, என்ன செய்வீர்கள்?", "உங்கள் பாடத்தில் பிள்ளைகள் வழமையாக எங்கே பிழை விடுகிறார்கள்?", "ஒரு பிள்ளை பிழையான விடையை அடித்துச் சொல்கிறது, எப்படிக் கையாள்வீர்கள்?" என்று வரும். படிப்பித்துக் காட்டச் சொல்லும் நேர்முகம் என்றால், குழுவில் ஒருவர் பிள்ளை மாதிரிப் பிழையான விடை சொல்லிப் பார்ப்பதும் உண்டு. மேலே சொன்ன இரண்டாவது கேள்விக்குத் தயாராகப் போனால் மற்றவை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

"திரும்ப நல்லா விளங்கப்படுத்துவேன்னு சொன்னா போதாதா?"

போதாது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்வது இதைத்தான், குழுவுக்கும் அது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன விடை. பிள்ளையின் தலைக்குள் ஏற்கெனவே ஒரு விளக்கம் இருக்கும்போது நம்முடைய விளக்கத்தை இரண்டாம் தரம் சத்தமாகச் சொன்னால், பரீட்சைத் தாளுக்கு நம்முடையதும் மனதுக்குள் தன்னுடையதும் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளும்.

நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் "தேயிலைச் செடிக்குச் சாப்பாடு எது?" என்று கேளுங்கள். "பசளை" என்பார்கள். பசளை மூட்டையைச் சுமந்து போய் மலையில் போடுவதைக் கண்ணால் பார்க்கிற பிள்ளைகள் அவர்கள். "இல்லை, செடி காபனீரொட்சைட்டையும் நீரையும் கொண்டு ஒளியின் உதவியால் உணவு தயாரிக்கிறது" என்று பத்துத் தரம் எழுதிப் போட்டாலும், பாடமாக்கிவிட்டுப் பசளையையே நம்புவார்கள்.

அங்கே நான் கவ்வாத்தைப் பற்றி, அதாவது தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டி விடுவதைப் பற்றிக் கேட்பேன். "கவ்வாத்து வெட்டின செடியில் என்ன இருக்கு?" "வெறும் கொம்புதான் மிஸ்." "அப்புறம் எப்படித் தளிர்க்குது?" வகுப்பு யோசிக்கும். "வேர்ல இருந்து" என்று யாராவது ஒருவர் சொல்வார். வேரில் சேமித்து வைத்த மாப்பொருள்தான் மறுபடி தளிரைக் கொண்டுவருகிறது. அந்த மாப்பொருளை இலைதான் முன்னமே செய்து வேருக்கு அனுப்பியிருக்கிறது. சில தோட்டங்களில் கவ்வாத்து நேரம் ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டு வைப்பார்கள், அது ஏன் என்று அடுத்துக் கேட்கலாம். "பசளைதான் சாப்பாடு என்றால், இலையை வெட்டினால் செடி ஏன் வாட வேண்டும்?" என்ற கேள்வி பிள்ளையின் வாயிலிருந்தே வந்துவிடும். அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதினால்தான் அந்த வசனம் நிற்கும்.

"சரி, அப்ப விடையை எந்த ஒழுங்கில் சொல்றது?"

இரண்டு நிமிடத்துக்குள் சொல்லுங்கள். முதலில் உங்கள் பாடத்தில் ஒரு பிழையான எண்ணம், பிள்ளையின் வார்த்தையிலேயே. அடுத்து, அது எங்கிருந்து வந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பது. அதைத் தெரிந்துகொள்ள என்ன கேட்டீர்கள் அல்லது கேட்பீர்கள். பிறகு, அந்த எண்ணம் உதவாமல் போகும் ஓர் இடத்தைப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவீர்கள். கடைசியாக, மாறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள். தசம உதாரணத்தை எடுத்தால், 18.5 என்பது 18 கிலோ 500 கிராம், 18.45 என்பது 18 கிலோ 450 கிராம் என்று பிள்ளையையே எழுத வைப்பது நாலாவது படி. மறுநாள் 2.3, 2.08 என்று புதிதாக ஒன்று கொடுத்துப் பார்ப்பது ஐந்தாவது.

பெரும்பாலானோர் ஐந்தாவதை விட்டுவிடுகிறார்கள். "விளங்கிச்சா?" என்று கேட்டால் வகுப்பே "விளங்கிச்சு மிஸ்" என்று பாடும். அதை நம்பி அடுத்த பாடத்துக்குப் போகமாட்டேன் என்று குழுவுக்குச் சொல்லுங்கள்.

"நான் இன்னும் படிப்பிச்சதே இல்லை. உதாரணத்துக்கு எங்கே போறது?"

வீட்டில் தம்பி தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுத்ததில்லையா? பக்கத்து லயத்துப் பிள்ளைக்கு ரியூஷன்? அதுவும் படிப்பித்தல்தான். அதுவும் இல்லாவிட்டால் உங்களுடைய பிழையான எண்ணத்தையே எடுங்கள். கல்வியியற் கல்லூரி அனுமதிக்கு வந்த ஒரு தங்கச்சி தன் கதையைச் சொன்னாள்: "மலை சூரியனுக்குக் கிட்ட இருக்கே, அப்ப நுவரெலியாவில் ஏன் குளிருது என்று சின்ன வயசில் குழம்பியிருக்கேன். அடுப்புக்குக் கிட்டப் போனால் சுடும்தானே."

அதை வைத்தே விடையைக் கட்டினோம். சூரியன் சுமார் 15 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. நாட்டின் மிக உயரமான பீதுருதாலகாலை 2,524 மீற்றர், அதாவது இரண்டரைக் கிலோமீற்றர். அத்தனை தூரத்தில் இது ஒரு நெருக்கமே ஆகாது. காற்றைப் பெரும்பாலும் சூடாக்குவது நிலம்தான். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது, வெப்பநிலையும் ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய ஆறரைப் பாகை வீதம் இறங்குகிறது. கொழும்பின் சராசரி 27 பாகை அளவு, நுவரெலியாவினது 16 பாகை அளவு என்று போட்டால் கணக்கு ஏறத்தாழப் பொருந்திவரும். "நானே அப்படி நினைத்திருந்தேன், அதனால் அந்தப் பிள்ளை ஏன் அப்படிச் சொல்கிறது என்று எனக்குத் தெரியும்" என்று அவள் முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

"எனக்கு விஞ்ஞானம் இல்லை டீச்சர். ஆரம்பப் பிரிவு, தமிழ், வரலாறு இதுக்கெல்லாம் என்ன சொல்றது?"

ஆரம்பப் பிரிவுக்கு: 8 + 4 = ☐ + 5 என்று கொடுங்கள். நிறையப் பிள்ளைகள் பெட்டிக்குள் 12 என்று எழுதும். சமன் குறி என்றால் "இனி விடை வரும்" என்று அவர்கள் விளங்கியிருக்கிறார்கள், ஏனென்றால் நாம் கொடுத்த கணக்கெல்லாம் அப்படித்தான் இருந்தது. தராசுப் படம் ஒன்று கீறி இரண்டு தட்டும் சமமாக நிற்க வேண்டும் என்று காட்டினால் 7 வரும்.

தமிழுக்கு: "முயற்ச்சி", "காட்ச்சி" என்று எழுதும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். "பேச்சு", "மகிழ்ச்சி" என்பவற்றில் ச் வருவதைப் பார்த்து, அழுத்திக் கேட்கும் இடமெல்லாம் அது வரும் என்று தானே ஒரு விதி செய்திருக்கிறது. ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய்யெழுத்து வராது என்பதைச் சொல்லிக்கொடுக்காமல், பத்துச் சொற்களைக் கொடுத்துப் பிள்ளையையே கண்டுபிடிக்க வையுங்கள்.

வரலாற்றுக்கு, மலையகத் தமிழரான நம் முன்னோர் தேயிலைக்காகத்தான் முதலில் வந்தார்கள் என்று பிள்ளைகள் எல்லாரும் நினைக்கிறார்கள். பெரியவர்களும்தான். 1820களிலேயே கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை வர்த்தக ரீதியாகப் பயிரிட்டது 1867இல். 1869இல் தொடங்கிய இலை நோய் கோப்பியை அழித்த பிறகுதான் மலையெல்லாம் தேயிலை ஆனது. தேயிலையிலிருந்து கதையைத் தொடங்கினால், நடந்து வந்து கோப்பிக் காட்டில் செத்துப்போன ஒரு தலைமுறையையே பிள்ளை மறந்துவிடும்.

"கோட்பாட்டாளர் பேர் சொன்னா மார்க்ஸ் கூடுமா?"

ஒன்று போதும், அதுவும் உங்கள் உதாரணத்தோடு ஒட்டினால் மட்டும். 1982இல் கல்வி ஆய்வாளர் போஸ்னரும் அவருடன் மூவரும் எழுதியதன் சாரம் இது: பழைய எண்ணம் போதவில்லை என்று பிள்ளை உணர வேண்டும். புதியது விளங்க வேண்டும், நம்பும்படியாக இருக்க வேண்டும், வேறு இடத்திலும் உதவ வேண்டும். கவ்வாத்து உதாரணத்தில் இந்த நாலும் இருப்பதைப் பாருங்கள். நம் நாட்டில் 2007 சீர்திருத்தத்தோடு வந்த "ஐந்து ஈ" மாதிரியைப் (ஆங்கிலத்தில் E எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளில் பாடம் நடத்துவது) பற்றிக் கேட்டால், முதல் படியான ஈடுபடுத்தலில்தான் பிள்ளையின் பழைய எண்ணத்தை வெளியே கொண்டுவருவேன் என்று சொல்லுங்கள்.

"எல்லாருக்கும் முன்னால் பிழையைச் சுட்டினா பிள்ளை வெட்கப்படாதா?"

வெட்கப்படும். பிறகு கை உயர்த்தாது, அது பெரிய இழப்பு. ஆனால் அதற்காகப் பிழையைக் கண்டும் காணாமலும் விட முடியாது. நான் செய்வது: எல்லாரையும் முதலில் தாளில் எழுதச் சொல்லி வாங்கி, "இந்த வகுப்பில் மூன்று விதமான விடை இருக்கு" என்று பேர் சொல்லாமல் கரும்பலகையில் போடுவேன். "இந்த விடையை எழுதினவர் எப்படி யோசிச்சிருப்பார்?" என்று கேட்பேன். அப்போது எழுதாத பிள்ளையும் அந்த யோசனையை விளக்க வரும். எழுதிய பிள்ளைக்கோ, தன் யோசனையை வகுப்பு மதித்துப் பேசுவது காதில் விழும்.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்ற கேள்வியை விடை பிழையான நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள். சரியான விடைக்கும் கேளுங்கள். இல்லாவிட்டால், மிஸ் "ஏன்" என்று கேட்டாலே பிழை என்று பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"பசளைதான் சாப்பாடுன்னு அப்பா சொன்னார்னு பிள்ளை சொன்னா? அப்பா பிழைன்னு சொல்லலாமா?"

வேண்டாம், சொல்லவும் தேவையில்லை. அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது. பசளை போடாவிட்டால் செடி மஞ்சளாகும். யூரியாவில் இருக்கிற நைதரசன் இல்லாமல் இலைக்குப் பச்சையமும் புரதமும் கிடைக்காது. "அப்பா சொல்ற மாதிரி பசளை கட்டாயம் வேணும். அதை வைத்து இலை என்ன செய்யுது என்று பார்ப்போமா?" என்று தொடங்கினால் பிள்ளை வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாது. மலையில் முப்பது வருடம் வேலை செய்தவரின் அனுபவத்தைச் சிறுமைப்படுத்தும் ஆசிரியரைப் பிள்ளை உள்ளுக்குள் ஏற்றுக்கொள்ளாது.

"பிள்ளை சொல்றது சரியா இருந்து, புத்தகம் வேற மாதிரி சொன்னா?"

கெட்டிக்காரக் குழு ஒன்று இதைக் கேட்கும். தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று எல்லாரும் பாடமாக்கியிருக்கிறார்கள். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம். இங்கே ஆய்வுகூடத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 96க்குக் கிட்ட நின்றுவிடும். நுவரெலியாவில் 94க்குக் கிட்ட. ஒரு பிள்ளை 96 என்று எழுதினால், "வெப்பமானி பிழை, 100 என்று எழுது" என்று சொல்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வசனத்தில் பிள்ளை, கண்ணால் பார்த்ததை நம்பக்கூடாது என்று கற்றுக்கொள்கிறது.

புத்தகம் சொல்வது கடல் மட்ட அழுத்தத்துக்கு. மேலே நுவரெலியாக் கேள்வியில் சொன்ன அதே அழுத்தக் குறைவுதான் இங்கேயும் காரணம். நேர்முகத்தில் சொல்லுங்கள்: "பிழை என்று முடிவெடுக்க முன் பிள்ளையின் விடை எந்த நிலைமையில் சரியாகும் என்று பார்ப்பேன்."

"பிழையான எண்ணம் ஆசிரியருக்கே இருந்தா?"

எனக்கு இருந்தது. பல வருடங்களுக்கு முன் நொதித்தல் பாடத்தில் மதுவம், பாண், கள்ளு எல்லாம் சொல்லிவிட்டு, "நம்ம தேயிலையும் இப்படித்தான் நொதிக்குது, நுண்ணங்கிகள்தான் செய்யுது" என்றேன். பின் வரிசையில் ஒரு பெண் பிள்ளை எழுந்தாள். "மிஸ், எங்க அப்பா ஸ்டோர்லதான் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை. ரோலர்ல அரைச்சதைப் பரப்பி வைப்பாங்க. ரெண்டு மூணு மணித்தியாலத்துல செம்பு நிறமா வந்துரும். அதுக்கு எதுவும் போட மாட்டாங்களே?" எனக்கு விடை இல்லை. "பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

பார்த்தபோது அவள்தான் சரி. கறுப்புத் தேயிலையில் அந்த நிற மாற்றத்தைச் செய்வது மதுவமோ பற்றீரியாவோ இல்லை. அரைபட்ட இலையின் கலங்கள் உடைந்து, இலையிலேயே உள்ள நொதியம் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து செய்யும் ஒட்சியேற்றம் அது. தொழிற்சாலையில் பழக்கத்தில் நொதித்தல் என்று சொல்லிவிட்டார்கள், நான் சொல்லை நம்பிவிட்டேன். அடுத்த நாள் வகுப்பில் அவளுக்கு நன்றி சொல்லி, கொப்பியில் எழுதியதை எல்லாரையும் திருத்தச் சொன்னேன்.

இப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் தயங்காமல் நேர்முகத்தில் சொல்லுங்கள். பெரிய விஞ்ஞானிகளும் பிழை விட்டிருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மொண்ட் என்ற விஞ்ஞானி வில்லோ மரக்கன்று ஒன்றை ஐந்து வருடம் சாடியில் வளர்த்து, மரம் 70 கிலோவுக்கு மேல் கூடியும் மண் 60 கிராம்கூடக் குறையவில்லை என்று அளந்து காட்டினார். மண் சாப்பாடு இல்லை என்று நிரூபித்த அவரே, மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்ற பிழையான முடிவுக்குத்தான் வந்தார்.

"புலமைப்பரிசில் வருது, பாடத்திட்டம் முடிக்கணும். இதுக்கெல்லாம் நேரம் எங்கேன்னு கேட்டா?"

நேரம் இருக்கிறது என்று பொய் சொல்லாதீர்கள், குழுவில் இருப்பவர்களும் வகுப்பறையில் நின்றவர்கள்தான். எல்லாப் பிழையையும் துரத்த மாட்டேன் என்று சொல்லுங்கள். பின்னால் வரும் பல பாடங்களைக் கெடுக்கக்கூடிய ஒன்றிரண்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். சமன் குறியைப் பிழையாக விளங்கிய பிள்ளைக்கு அட்சரகணிதம் முழுக்கச் சிக்கல். அதற்கு ஒரு பாடவேளை செலவழித்தால் பின்னால் பத்து மிச்சம். "முயற்ச்சி"க்கு ஐந்து நிமிடம் போதும்.

"எத்தனை தரம் திருத்தியும் பரீட்சையில் பழையதையே எழுதினா?"

எழுதும். பழைய எண்ணம் அழிந்துபோவதில்லை, அவசரத்தில் அதுதான் முதலில் வரும். "நான் சொல்லியும் பிள்ளை கேட்கவில்லை" என்று நேர்முகத்தில் சொன்னால் குழு அந்த இடத்திலேயே உங்களைக் குறித்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரம் கழித்து வேறு வடிவத்தில் அதே கேள்வியைக் கேட்பேன் என்று சொல்லுங்கள். கொழுந்து நிறையில் கேட்ட தசமத்தை அடுத்தது மழை அளவில், அதற்கடுத்தது ஓட்டப் பந்தய நேரத்தில்.

நான் ஒரு சின்னக் கொப்பி வைத்திருக்கிறேன். திகதி, பிள்ளை சொன்ன வசனம் அப்படியே, நான் கேட்ட கேள்வி. அவ்வளவுதான். நேர்முகத்துக்குப் போகும்போது இப்படி ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள், நாலு பக்கம் இருந்தாலும் போதும். போன தவணை ஒரு பெண் பிள்ளை சொல்லி நான் எழுதியது ஒன்று: "மூடுபனின்னா ஸ்டோர் புகைதான் மிஸ், ராவுல குளிர்ந்து கீழ எறங்கிருது." அதற்குக் கீழே என் கேள்வி: "உங்க தோட்டத்துல ஞாயிறு ஸ்டோர் ஓடாதே, திங்கக்கிழமை விடியப் பனி இருந்துச்சா?" திங்கட்கிழமை பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றாள்.